பேட்டரியைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை

"தங்கச்சி, இது என்னா பாசார்ல விக்கிற கத்திரிக்காயா, அமுக்கிப் பாத்து வாங்குறதுக்கு?" என்று என் கணவரின் நண்பர் கேட்டதும் அவருடைய கார்க்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் சிரித்ததை மறக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்து நான்கு வருடமாக வேலை. வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்ப்பேன். அளவு சரியில்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அந்த ஸ்டிக்கரை எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ மேனேஜர்கள் கேட்டிருக்கிறார்கள். நயமாகவும் கேட்டிருக்கிறார்கள், கத்தியும் கேட்டிருக்கிறார்கள். எடுத்ததில்லை. ஆனால் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் இந்த ஆள் யாருக்கும் தெரியாது. வீட்டில் என்னிடம் கேட்கப்படும் அபிப்பிராயம் ரசத்துக்கு உப்பு போதுமா என்பதோடு முடிந்துவிடும்.

எங்கள் பழைய கார் பினாங்குப் பாலத்தின் நடுவில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. அதைப் பழுதுபார்ப்பதில் பிரயோஜனமில்லை என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் தாண்டி அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரில் தனியாக இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போக வேண்டும். மின்சாரக் கார் வாங்கலாம் என்று சொன்னது நான்தான். வீட்டுவாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், எங்கள் ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். புதுக்கார் கைக்கு எட்டாது என்பதால் பழையதுதான். என் கணவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டதால் பேங்கில் அவர் பெயரில் நீண்ட கடன் தரமாட்டார்கள். ஆகவே கடன் என் பெயரில், கையெழுத்து என்னுடையது.

கார் எங்கே வாங்குவது என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நண்பர், கோயில் கமிட்டியிலும் கூடவே இருப்பவர், பழைய கார் விற்கிறார். வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியான ஒரு வெள்ளை மின்சாரக் காரை எங்களுக்காகவே எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். என் கணவர் போய்ப் பார்த்து, கைகொடுத்துவிட்டு வந்தார். எனக்குத் தகவல்தான் வந்தது.

மறுநாள் வேலையில் இதை எங்கள் சோதனைக்கூடத்தில் இருக்கும் ஒரு மலாய்ப் பெண்ணிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைக் 'காக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவளும் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி, கூலிம் போகும் வழியில் நடுரோட்டில் நின்றவள். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு மலாயில் கேட்டாள்: "காக், பேட்டரியைப் பார்த்தீர்களா?"

"டேஷ்போர்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்காம்."

"அது பேட்டரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அந்தக் கணக்கை அழித்துப் புதிதுபோலக் காட்ட வைக்கலாம். என் காரில் அதைத்தான் செய்திருந்தார்கள்."

மறுநாள் அவள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொண்டுவந்து கொடுத்தாள். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜும் கைப்பேசியில் வந்துவிடும். சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்றாள். செல்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், காரை மிதித்து ஓட்டும்போது பாருங்கள், கடைசியில் ஓட்டித்தான் முடிவு செய்யுங்கள் என்றாள். வோல்ட்டேஜ் எனக்குப் புதிதல்ல. தினமும் நான் பார்ப்பதே அதுதான். ஒரு கார் விஷயத்தில் எனக்குச் சோறு போடும் வேலை உதவும் என்று அதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கருவியோடு கார்க்கடைக்குப் போனேன். நண்பர் எங்களுக்குக் கோப்பி வரவழைத்தார். கடன் பாரத்தை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்து, என் பக்கம் தள்ளினார். பேச்சு முழுக்க என் கணவரோடுதான். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அண்ணே, பேட்டரிய ஒரு தடவ பாத்துக்கிறேன்."

அப்போதுதான் அந்தக் கத்திரிக்காய்ப் பேச்சு வந்தது. சிரிப்பு அடங்கியதும் நான் கருவியைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். அவர் முகம் மாறியது.

"இதையெல்லாம் சொருகக் கூடாது தங்கச்சி. வாரண்டி போயிரும்."

"இறக்குமதி காடிக்கு இங்க பேட்டரி வாரண்டி இருக்காண்ணே?"

அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "என்னடா மச்சான், இது? எத்தன காடி வித்திருக்கேன். நம்ம வீட்டு ஆளுங்களே இப்படிக் கேட்டா எப்படி லா?"

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் தணிந்த குரலில்.

கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டுக்குப் போய்ப் பேச என்ன இருக்கிறது. நான் எழுந்து வெளியே வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் இரண்டு மணிநேரம் கழித்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"முப்பது வருஷத்துக்கு மேல பழக்கம். அவன் முன்னுக்கு என்னைய அசிங்கப்படுத்திட்ட."

"நான் அவரப் பத்தி ஒண்ணும் சொல்லலங்க. பேட்டரியப் பாக்கணும்னுதான் சொன்னேன்."

"அதுக்கு என்னா அர்த்தம்? அவன நம்பலைன்னுதான?"

"பேட்டரிக்குள்ள அவரு உக்காந்திருக்கலயே. உள்ள என்னா இருக்குன்னு அவருக்குமே தெரியாதுல்ல."

"எல்லாரும் காடி வாங்கல? எல்லாரும் இப்படியா மீட்டர் வச்சுப் பாக்குறாங்க?"

"எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். எங் கையெழுத்த நான் பாத்துட்டுத்தான் போடுவேன்."

அவர் உள்ளே போய்விட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. சொன்ன பிறகு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன். ஆனால் திரும்பிப் போய் 'சரி, போடுறேன்' என்று சொல்லத் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து நண்பர் இறங்கி வந்தார். வந்த வியாபாரத்தை விட அவருக்கும் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காரை முழுக்க சார்ஜ் போட்டுத் தருகிறேன், மச்சான், நீயும் கூடவே இருக்க வேண்டும், மத்தியானத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று என் கணவரிடம் ஃபோனில் சொன்னார். கூடவே, "ஒம் பொண்டாட்டிக்கு இனிமே பேரு மீட்டர்தான்டா" என்றும் சொல்லியிருக்கிறார். அதை என் கணவர் எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். கருவியைச் செருகி, கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். பேட்டரியின் ஆரோக்கியம் தொண்ணூற்றாறு சதவீதம் என்று காட்டியது.

"பாத்தியா?" என்றார்.

"எழுதிக்குங்க. இன்னும் ஓட்டவே இல்லயே."

அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்புவதுதான் என் திட்டம். அந்தக் கார் இனி ஒவ்வொரு ஞாயிறும் ஓட வேண்டிய பாதையிலேயே அதை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஏசியை நாங்கள் எப்போதும் வைக்கும் அளவில் வைத்தேன். "ஏசிய நிப்பாட்டுனா இன்னும் கொஞ்சம் ஓடும்" என்றார். பினாங்கு வெயிலில் ஏசி இல்லாமல் யார் கார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டேன்.

பாலம் நடுக்கடலில் மேடாக உயரும் இடத்தில் நன்றாக மிதித்தேன். "இப்ப செல்லையெல்லாம் பாருங்க. எது ரொம்பக் கீழ போகுது?"

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் ஒண்ணாத்தான் இறங்குது. இரு... ஒண்ணு மட்டும் தனியாப் போகுது. கீழ போயிருச்சு. இப்ப மேல ஏறிக்கிச்சு."

"எத்தனாவது?"

"அம்பத்து மூணு."

"எழுதிக்குங்க."

சமதளத்துக்கு வந்து மறுபடியும் மிதித்தபோதும் அதே ஐம்பத்து மூன்று. நான் சொல்லாமலேயே அவர் எழுதிக்கொண்டார்.

தாசேக் கெலுகோர் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி எண்பதில் இருந்தது. அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நான் உள்ளே உட்கார்ந்து குடித்தேன். என் கணவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. கைப்பேசியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று அக்கா கேட்டாள். "இல்லக்கா, கணக்குப் பாடம்" என்றேன்.

திரும்பி ஜெலுத்தோங் வந்தபோது அறுபது. கார்க்கடைக்கு ஒரு தெரு முன்னால் ஓரமாக நிறுத்தி, அவரிடமே கணக்கைப் போடச் சொன்னேன். ஓடியது எழுபத்தைந்து கிலோமீட்டர். காரே காட்டியபடி செலவான மின்சாரம் பதினோரு யூனிட்டும் கொஞ்சமும். அதற்கே நூற்றில் நாற்பது தீர்ந்திருக்கிறது. அப்படியென்றால் நூறுக்கு எவ்வளவு? அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் இருபத்தெட்டுதான் வந்தது. இந்தக் கார் புதிதாக இருந்தபோது அதில் கிட்டத்தட்ட நாற்பது யூனிட் பிடித்திருக்கும்.

"எழுபது சதவீதம்" என்றார்.

"ஆமா. தொண்ணூத்தாறுன்னு சொல்ற பேட்டரி."

நோட்டை மூடினார். பிறகு, "அவனுக்கே தெரியாம இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம். அதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுபது என்பது செத்த பேட்டரி அல்ல. எழுபதுதான் இருக்கிறது, ஒரு செல் வேறு சரியில்லை, அதற்கேற்ற விலை இது என்று சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். எழுபதுக்குத் தொண்ணூற்றாறு என்று பெயர் வைத்து, என்னைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கடையில் நண்பர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்க ஓட்டுனா அப்படித்தான் இறங்கும்" என்றார்.

"நானும் பக்கத்துலதான்டா இருந்தேன். நல்லாத்தான் ஓட்டுனா" என்றார் என் கணவர். எங்கே என் பக்கம் பேசிவிட்டோமோ என்று உடனே தரையைப் பார்த்துக்கொண்டார்.

"சரி மச்சான், வேணாம்னா விடு. வாங்க ஆள் இருக்கு." அவர் திரும்பி, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் தம்பதியைக் கூப்பிட்டார். பெண்ணின் மடியில் கைக்குழந்தை. "வாங்க தம்பி, நீங்க கேட்ட காடி வந்திருச்சு. பேட்டரி தொண்ணூத்தாறு. புதுசு மாதிரி."

எங்கள் வேலை அங்கே முடிந்திருந்தது. நாங்கள் வாங்கவில்லை, கிளம்பலாம். என் கணவர் ஏற்கெனவே வாசல்வரை போய்விட்டார். நான் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்: "தங்கச்சி, இப்பதான் இத எழுபத்தஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வரேன். எனக்கு எழுபதுதான் வந்துச்சு. நான் சொல்றதயும் நம்பாதீங்க. நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு எடுங்க." நோட்டுத்தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

நண்பர் கத்தவில்லை. என் கணவரைப் பார்த்து, "இனிமே இந்தப் பக்கம் வராதடா" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலை குறைவல்ல. என் கணவர் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது பிரசாதம் கொடுக்கும் இடத்தில் ஒரு அக்கா என் காதுக்குள், "வாங்கலைன்னா பேசாம வந்திருக்கலாம்ல? ஒருத்தர் பொழப்புல ஏன் கை வைக்கிற?" என்றார். கமிட்டிக் கூட்டங்களுக்கு என் கணவர் போவதை நிறுத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேர் தூது வந்தார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். நான் சொன்ன எண் தவறா என்று கேட்டேன். எண்ணைப் பற்றி அவர்கள் யாருக்கும் அக்கறை இல்லை. மடியில் குழந்தையோடு ஒரு பெண் நடுரோட்டில் நிற்பது அவர்கள் கண்ணில் படவில்லை. நண்பரின் முகம் மட்டும்தான் பட்டது.

பத்தாம் நாள் என் கணவர் தானாகவே ஒரு விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினார். "இத வேணா பாக்குறியா?" என்று கேட்டார். அவர் 'பாக்குறியா' என்று கேட்டது எனக்குப் போதுமாக இருந்தது.

விற்பவர் சூலியா தெருவில் மணி சேஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், அடிக்கடி அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, வேறு பெரிய கார் வாங்கப் போகிறார். கடைக்குள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரருக்கு நோட்டு மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக்காரர் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தார்.

"பேட்டரி இப்ப எண்பத்து மூணும்மா" என்று அவரே தொடங்கினார். "வாங்குனப்ப இருந்த மாதிரி இல்ல. வேகமா ஏத்துற சார்ஜர்ல நெறைய ஏத்தியிருக்கேன். அதையும் சொல்லிர்றேன்."

நான் தயங்கித் தயங்கிக் கருவியை எடுத்து மேசையில் வைத்தேன். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன். கொஞ்ச தூரம் ஓட்டணும்."

அவர் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னம்மா தப்பு? இப்ப அந்தாளு குடுத்த நோட்ட நான் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன்ல. அவரு கோவிச்சுக்கிட்டாரா? நோட்டத்தான் பாக்குறோம், ஆளையா பாக்குறோம்?" சாவியை என்னிடம் நீட்டினார். என் கணவரிடம் இல்லை, என்னிடம்.

நான் என் கணவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அதே பாதைதான், அதே ஏசிதான். பாலத்து மேட்டில் அதே மாதிரி மிதித்தேன். செல்கள் எல்லாம் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறின. கணக்கு எண்பத்திரண்டில் முடிந்தது. அவர் சொன்னதில் ஒன்று குறைவு. அதையும் அவரிடம் சொன்னேன். "வெயில்ல நிப்பாட்டி வச்சிருந்தேன், கொறஞ்சிருக்கும்" என்று சிரித்தார். இந்தக் காருக்கு இங்கேயே பேட்டரி வாரண்டி இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. அந்தக் காகிதத்தையும் முழுசாக வாசித்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

கார் வந்து சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கார்க்கடை நண்பரின் மகளுக்குக் கல்யாணம். உறையில் என் கணவரின் பெயர் மட்டும் இருந்தது. 'குடும்பத்தார்' என்ற சொல் இல்லை. அவர் அதை இரண்டு நாள் டிவி பக்கத்தில் வைத்திருந்துவிட்டு, "நான் போகல" என்றார்.

"அந்தப் புள்ள உங்களுக்கும் மக மாதிரிதான. போகாம எப்படி?"

"ஒன்னக் கூப்புடலயே."

"நீங்க போங்க. உங்களக் கொண்டுபோய் விட ஒரு ஆளு வேணும்ல. நான் ஓட்டுறேன்."

நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். மண்டபத்து வாசலில், எல்லோரும் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே காரை நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளியும் இடம் இருந்தது. அங்கே நிறுத்தவில்லை. இறங்கி அவரோடு சேர்ந்தே உள்ளே நடந்தேன். கோயிலில் எனக்குப் புத்தி சொன்ன அக்கா கையில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் செம்பு ஒரு கணம் நின்று, பிறகு தெளித்தது.

நண்பர் என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "சாப்புட்டுப் போங்க" என்றார். 'தங்கச்சி' என்று சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து அதற்குமேல் எதுவும் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் செய்ததற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

மணப்பெண்ணுக்கு அட்சதை போட்டுவிட்டு, இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் நன்றாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.